காபிக்கு ஈடாக நாக்கு கேட்பது என்ன?

காபியைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் சில நாட்களிலேயே பழையபடி டபரா டம்ளரை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். மன உறுதி போதவில்லை என்று அவர்களும் சொல்கிறார்கள், வீட்டில் உள்ளவர்களும் சொல்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது. காபியை நிறுத்தியதும் வரும் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவற்றுக்கு உடலியல் காரணம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, காஃபீன் விலகலைத் தனி நிலையாகவே அங்கீகரித்தது. கடைசிக் காபி குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் தலைவலி போன பிறகும் போகாத ஓர் ஏக்கம் இருக்கிறது. அது நாக்கின் ஏக்கம், மூக்கின் ஏக்கம். வறுத்த கொட்டையின் மணமும் கசப்பும் அடர்த்தியும் பழகிய ஒருவருக்கு, அவற்றுக்கு ஈடு சொல்ல முடியாத எதைக் கொடுத்தாலும் அது தண்டனையாகவே தெரியும். ஆகவே காபியைக் குறைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எது உடம்புக்கு நல்லது என்பதைவிட, எது வாய்க்கு நிறைவு தரும் என்பதுதான்.

காபிக்குப் பதில் தேநீர் என்று நம்மில் பெரும்பாலோர் மாறும் விதத்தைப் பாருங்கள். வழக்கமான தூளைப் பாலும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடிக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில் உள்ள எண்கள் இங்கே உதவும். 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரை, தேநீரில் 30 முதல் 65 வரை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அந்த வழிகாட்டுதலின் வரம்பு. தேநீருக்கான எண் எவ்வளவு அகலமானது என்பதைக் கவனியுங்கள். தூள் எவ்வளவு நுண்ணியதோ, கொதி எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு காஃபீன் நீரில் இறங்கும். இன்ஸ்டன்ட் காபி குடித்துவந்தவர் கடும் கொதித் தேநீருக்கு மாறினால் கணக்கில் மிச்சம் ஏதுமில்லாமல் போகலாம். சுவையும் போய், குறைக்க நினைத்ததும் குறையாமல் நிற்பது இப்படித்தான். உடம்பு ஏற்ற காஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக் குவளையின் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும் என்றால், தூக்கம் கெடுபவருக்கு அந்த மாலைக் குவளைதான் முதலில் மாற வேண்டியது.

நம் கடைகளில் நிறைந்திருக்கும் தூள் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இலையை உருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் சிடிசி முறை 1930-களில் அசாமில் உருவானது. இன்று இந்தியாவில் தயாராகும் தேயிலையின் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான். குறைந்த அளவில் நிறைய நிறமும் காரமும் தரும், பாலைத் தாங்கி நிற்கும், நொடியில் இறங்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிளாஸ் போட வேண்டிய டீக்கடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. உழைப்பவர்களின் பானமாகத் தேநீர் இந்த மண்ணில் ஊன்றியதற்கும் இந்தத் தூளே துணைநின்றது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இலையை அப்படி நசுக்கும்போது அதன் மென்மையான மணங்கள் தங்குவதில்லை, துவர்ப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. காபியின் மணத்துக்கு அடிமைப்பட்ட மூக்கை மணமே இல்லாத ஒன்றைக் கொண்டு எப்படிச் சமாதானப்படுத்துவது?

மணம் வேண்டுமென்றால் இலையாகவே சுருட்டி உலர்த்தும் பழைய முறைத் தேயிலைக்குப் போக வேண்டும். ஆர்த்தடாக்ஸ் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். பறித்த இலையை வாட விட்டு, மெல்ல உருட்டி, காற்று பட்டு நிறம் மாறக் காத்திருந்து உலர்த்துவார்கள். இதற்காக டார்ஜிலிங் வரை போக வேண்டியதில்லை. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை புவிசார் குறியீடு பெற்றது. நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாலும், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான பனிக்காலத்தில் செடி மெதுவாகத் துளிர்க்கிறது. அந்தக் கொழுந்தில் பூவின் மணம் அடர்ந்திருக்கும். ரோஜாவிலும் மல்லிகையிலும் உள்ள ஜெரானியால், லினலூல் என்ற அதே மணப்பொருள்கள் தேயிலையிலும் இருப்பதால் இந்த ஒப்புமை வெறும் புகழ்ச்சி இல்லை. நீலகிரித் தேநீருக்கு இன்னொரு சிறப்பு, ஆறினாலும் கலங்காமல் தெளிவாக நிற்பது. இலையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டினால் துவர்ப்பு மிகக் குறைவாக இறங்கும். சென்னையின் மே மாதப் பிற்பகலில் சூடான மூன்றாவது காபியின் இடத்தை இது எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாருடைய ஏக்கமும் ஒன்றல்ல என்பதால் எல்லாருக்கும் ஒரே தேயிலையைச் சொல்லவும் முடியாது. சிலருக்குக் காபியில் பிடித்தது வறுபட்ட மணம். கொட்டையை 200 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது பிறக்கும் அந்த மணத்துக்கு உறவான ஒன்று, பச்சைத் தேயிலையை வறுத்துச் செய்யும் ஜப்பானின் ஹோஜிச்சாவில் கிடைக்கும். சீனத்தின் வூயி மலையில் கரி நெருப்பில் வாட்டி எடுக்கும் ஊலாங் தேயிலையிலும் அது உண்டு. காபியின் கசப்பைக் கறுப்பாகவே விரும்பிக் குடித்தவர்கள் இந்த இரண்டையும் முதலில் முயலலாம். சிலருக்குப் பிடித்தது பாலோடு சேர்ந்த அடர்த்தி. அவர்கள் பாலை விட வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் அசாமில் பறிக்கும் இரண்டாம் பருவ இலைக்கு மால்ட் போன்ற கனத்த சுவை உண்டு, பால் சேர்த்தாலும் அது அமுங்காது. இலையைத் தனியே ஊறவிட்டு வடிகட்டிய பிறகு சூடான பாலைக் கலக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. டிகாஷன் இறக்கிப் பால் கலந்து பழகிய வீட்டுக்கு இது புதிய வேலையும் இல்லை.

பலர் செய்யும் பிழை, காபியிலிருந்து நேரே கிரீன் டீக்குத் தாவுவது. ஆரோக்கியத்தின் பெயரால் அதை வாங்கி, கொதிக்கும் நீரை ஊற்றி, பையை அதிலேயே கிடக்க விட்டு, கசப்பை மருந்துபோல விழுங்கி, அரைப் பெட்டியோடு கைவிடுகிறார்கள். பச்சைத் தேயிலைக்கு 70, 80 டிகிரி நீரும் இரண்டு நிமிடமும் போதும். கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றினாலே அதன் இனிப்பு தெரியும். கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீரும் மூன்று, நான்கு நிமிடமும் வேண்டும், அதற்குமேல் இலை நீரில் இருக்கக் கூடாது. குமரி மாவட்டத்தின் கட்டஞ்சாயாவும் இலங்கையின் இஞ்சி பிளேன்டீயும் பாலில்லாத தேநீர் நமக்கு அந்நியமல்ல என்பதற்குச் சான்று.

இலங்கையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாடே காபியிலிருந்து தேநீருக்கு மாறிய வரலாறு அது. 1869-ல் காபிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் காபித் தோட்டங்கள் அழிந்தன. 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்ட நிர்வாகி அங்கே லூல்கந்தரையில் தேயிலை நட்டிருந்தார். காபிக் காட்டுக்காகத் தமிழகத்திலிருந்து நடந்துபோன குடும்பங்களின் வழிவந்தவர்களே பின்னர் தேயிலையையும் பறித்தார்கள். ஊவா பகுதியில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்று இலைக்கு ஒரு குளிர்ந்த, புதினாவை நினைவூட்டும் மணத்தைத் தருகிறது. உலகம் அதைத் தேடி வாங்குகிறது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்கள் விரிந்தன. கடலின் இரு கரைகளிலும் தமிழ்க் கைகள் பறித்த நல்ல இலை கப்பலேறிப் போக, தமிழ் வீடுகளில் அதன் சுவையே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இலைத் தேயிலை பணக்காரர்களுக்கானது என்ற மறுப்பு உடனே வரும். கிலோ விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் குடிப்பது கிலோவை இல்லை, குவளையை. ஒரு குவளைக்கு இரண்டு, இரண்டரை கிராம் இலை போதும். கிலோ 1,200 ரூபாய் இலை என்று வைத்துக்கொண்டாலும் 400 குவளைக்கு மேல் வரும், குவளைக்கு மூன்று ரூபாய் ஆகிறது. அதே விலைக்குக் காபித்தூள் வாங்கினால், குவளைக்குப் பத்து கிராம் கணக்கில் 100 குவளைதான். நல்ல ஊலாங் இலையில் மூன்று முறைகூட நீர் ஊற்றலாம். காபியோடு ஒப்பிடும்போது விலை ஒரு தடையே இல்லை. தினமும் டீக்கடையில் குடிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது உண்மைதான், நான் பேசுவது வீட்டில் போட்டுக் குடிப்பவர்களிடம்.

இதைவிடக் கனமான மறுப்பு இரும்புச்சத்தைப் பற்றியது. தேயிலையில் உள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதை ஒதுக்கிவிட்டுத் தேநீரைப் புகழ்வது பொறுப்பற்ற செயல். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபியோ தேநீரோ வேண்டாம் என்று மேற்சொன்ன 2024 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. இட்லிக்குத் துணையாக டம்ளரை வைக்கும் பழக்கத்தை விட்டு, முற்பகல் பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தேநீரை நகர்த்துவது இதற்குத் தீர்வு. கர்ப்பிணிகளுக்கு காஃபீன் வரம்பே குறைவு, அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். காபியே நஞ்சு என்றும் நான் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, காபி மீது முன்பு வைத்திருந்த ஐயத்தை 2016-ல் விலக்கிக்கொண்டது. இரண்டு காபி குடித்து நன்றாக உறங்குபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நான்கு, ஐந்து என்று போகிறவர்களும், தூக்கமும் வயிறும் கெடுகிறவர்களும் காலைக் காபியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம். இரவுக்குத் தேயிலையும் வேண்டாம், காபித்தூள் சேராத சுக்குமல்லி போதும்.

பீச், ஸ்ட்ராபெரி என்று எசன்ஸ் தெளித்த தேயிலைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலையின் குறையை மறைக்கவே பெரும்பாலும் அந்த வாசனை உதவுகிறது. ஏலமோ இஞ்சியோ வேண்டுமென்றால் வீட்டிலேயே தட்டிப் போடலாம். பூமணத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு. சீனத்தின் ஃபூஜோவில் தேயிலையையும் புதிய மல்லிகையையும் இரவில் கலந்து வைத்து, மணம் ஏறியதும் பூவை நீக்கி, திரும்பத் திரும்ப அதைச் செய்கிறார்கள். அந்த மல்லிகையும் நம் மதுரை மல்லியும் ஒரே இனம். நீலகிரி இலையும் மதுரை மல்லியும் ஒரே மாநிலத்தில் விளையும்போது அந்தத் தேநீர் நம் கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும்.

காபித்தூள் கடையில் நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா, சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு, கண்ணெதிரே அரைக்க வைத்து, முகர்ந்து வாங்குகிறோம். தேயிலை வாங்கும்போது மூடிய பொட்டலத்தைத் தவிர எதுவும் தெரிவதில்லை. நீலகிரியின் சிறு விவசாயிகளோ பச்சைக் கொழுந்துக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். தரமான இலைக்கு உள்ளூரிலேயே கேட்பவர்கள் பெருகினால் அவர்கள் வெறும் எடையை நம்பி இருக்க வேண்டியதில்லை. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இன்ட்கோசர்வ் நியாயவிலைக் கடை வழியாக ஊட்டி டீயைக் கொண்டு சேர்த்த அமைப்பு. அதுவும் டான்டீயும், எந்தத் தோட்டம், எந்த மாதப் பறிப்பு என்று அச்சிட்ட 50 கிராம் இலைப் பொட்டலங்களை மாவட்டத் தலைநகரங்களில் விற்க வேண்டும். வாங்குவதற்கு முன் திறந்து முகர்ந்து பார்க்க ஒரு ஜாடியும் அங்கே இருக்க வேண்டும்.