ஔவைக்கு ஒரு டப்பா பவுடர்

தருமபுரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம் என்று பேச்செடுத்தால், யாராவது ஒருவர் உடனே நெல்லிக்கனியை நீட்டிவிடுவார். நீட்டாமல் என்ன செய்வார்கள்? அதியமான் ஆண்ட தகடூர்தானே இன்றைய தருமபுரி! சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. நகரத்தில் அரசு ஆண்கள் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்கள் பள்ளிக்கு ஔவையார் பெயர்.

ஔவை வேஷத்துக்குச் செலவே கிடையாது. பாட்டியின் வெள்ளைச் சேலை, ஊன்றிக்கொள்ள ஒரு கழி, தலையில் கொட்ட ஒரு டப்பா பவுடர். அதியமானுக்குத்தான் கிரீடம், வாள், நகை என்று அட்டையும் ஜிகினாத் தாளும் தேவைப்படும். பக்கத்து ஊரில் கூத்து கட்டுகிறவர் இருந்தால் கவலையில்லை, புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இரவல் கிடைத்துவிடும்.

கூத்து இந்த மண்ணில் இன்னும் உயிரோடு இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து, களிமண் துரியோதனன் படுத்திருக்கும் படுகளத்தைச் சுற்றி ஓடிய பிள்ளைக்கு, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசு என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிகிற பையன், கட்டியங்காரனாக வந்து தலைமையாசிரியரையே கிண்டல் செய்வான். ஆண்டுக்கு ஒரு நாள் அதற்கு அனுமதி உண்டு.

ஒரு விஷயம். நெல்லிக்கனியை விட நல்ல நாடகம் ஔவையிடம் இருக்கிறது. தொண்டைமானிடம் தூது போகிறாள். அவன் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளக்கின்றன. புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். யார் போர் பார்த்தவன், யார் பார்க்காதவன் என்று சொல்லிவிட்டாள்! கனிக் காட்சியில் ஔவை வாங்கிக்கொள்கிறவள். இங்கே அவள் பேசுகிறவள். பதினான்கு வயசுப் பெண்ணுக்குக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல வசனம் வேறென்ன இருக்கிறது?

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்ததிலிருந்து நாடகம் ஆண்டு விழாவோடு முடிவதில்லை. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகலாம். மாநில அளவில் ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம்.

விளையாட்டு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறந்து புத்தகம் கொடுத்து முடிப்பதற்குள் குறுவட்டப் போட்டிப் பேச்சு வந்துவிடும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்போடு சரி, அதனால் முதல் இரண்டுதான். காலை மணியடிக்கும் முன் மைதானத்தில் கல் பொறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டால் கபடி தயார். ஏழு பேர் போதும், பந்துகூட வேண்டாம். ஆனால் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பிள்ளை, மேலே போகப் போக மேட்டில் ஆட வேண்டும். வழுக்கும். அதற்கு ஷூ வேண்டும். அந்த ஷூவுக்குக் கைக்காசு போடும் ஆசிரியர்கள் எந்த ஊரிலும் உண்டு.

பெண்கள் அணி என்றால் முதல் ஆட்டம் வீட்டில். அரை டிராயர் போட வேண்டுமா? இருட்டுவதற்குள் வந்துவிடுவாளா? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காசுப் பேச்சு மட்டும் எழுவதில்லை. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால், சம்மதக் கடிதத்தில் பாட்டியின் கைநாட்டு.

பெண் பிள்ளை வேண்டாமென்றால் இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு தொட்டில் வைக்க நேர்ந்த மாவட்டம் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று மைதான ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் அம்மாக்கள்.

அந்த அம்மாக்கள் செல்போனில் ஒரு முகத்தைப் பார்த்திருப்பார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் தருமபுரிக் கிராமத்தில் கணக்கு அவ்வளவு பெரியதல்ல. கல்லூரியில் ஓர் இடம், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, அதற்கு உதவும் ஒரு சான்றிதழ்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, தேர்ச்சி விகிதம் அவர்கள் தலையில். ஆனாலும் ஓடி ஆடிய பிள்ளையை ஒரேயடியாக பெஞ்சில் உட்காரவைத்தால் மார்க் ஏறிவிடும் என்பது நம்பிக்கைதான்.

அதற்கு நடுவில் ஆண்டு விழா. பகலில் கபடி ஆடிய அதே பெண்தான் ராத்திரி ஔவை. முட்டி பெயர்ந்து நொண்டினால், கிழவி நடை என்று ஊர் கைதட்டும்.

மே மாதம் ரிசல்ட். பிளஸ் ஒன் பள்ளி அடுத்த ஊரில். குழந்தைத் திருமணப் பேச்சு வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு மாத இடைவெளியில்தான். டிசி வாங்க வராத பெண்களின் வீட்டுக் கதவை டீச்சர்கள் தட்டுவார்கள், தேவைப்பட்டால் 1098-ஐ அழைப்பார்கள். சில வீடுகளில் டீச்சர் வாய் திறப்பதற்குள் அம்மாவே சொல்லிவிடுவாள்: "ஜூன்ல மேட்ச் இருக்குதாம் டீச்சர். ஷூ பத்தலையாம், ஒரு நம்பர் பெருசு வேணுமாம்."