டிரைவிங் டெஸ்ட்: எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவது நல்லது?

“அந்த ஆபீஸ்ல எட்டு போடுறது ஈஸி, அங்கேயே எல்.எல்.ஆர். போட்டுடு” - வண்டி கற்றுக்கொள்ளும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் யோசனை இது. அப்படி நாமே ஆபீஸைத் தேர்ந்தெடுக்க முடியுமா? முடியும் என்றால், எதை வைத்து முடிவு செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் நாம் குடியிருக்கும் பகுதி எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குள் வருகிறதோ, அங்குதான் விண்ணப்பிக்க வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இது மாறியது. ஒருவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் உள்ள எந்த உரிமம் வழங்கும் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது பிரிவு 9. டிரைவிங் ஸ்கூல் இருக்கும் மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம். அதாவது, சொந்த ஊர் மதுரை, வேலை சென்னை என்றால் இரண்டில் எதுவும் ஓகே. லைசென்ஸ் எங்கே வாங்கினாலும் நாடு முழுவதும் செல்லும்.

ஆனால், சட்டம் தரும் வாய்ப்பு கம்ப்யூட்டரிலும் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘சாரதி’ இணையதளத்தில் எல்.எல்.ஆர். விண்ணப்பிக்கும்போதே, பணம் கட்டுவதற்கு முன்பு, எந்த ஆபீஸ் காட்டுகிறது என்பதைச் சரிபார்ப்பது நல்லது.

டிரைவிங் ஸ்கூலிலேயே டெஸ்ட் முடிந்துவிடுமா?

2024 ஜூன் 1 முதல் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போக வேண்டாம் என்று ஒரு செய்தி பரவியது. அன்று எந்த விதியும் மாறவில்லை என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. டெஸ்ட்டிலிருந்து விலக்கு என்பது 2021 ஜூலை முதலே இருக்கிறது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களில் படித்துத் தேறியவர்களுக்கு மட்டும்தான். அங்கே கார் பயிற்சி மொத்தம் 29 மணி நேரம்: 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டுதல். தெருமுனை டிரைவிங் ஸ்கூல் தரும் சான்றிதழுக்கு இந்த விலக்கு கிடையாது. “எங்ககிட்ட சேர்ந்தா டெஸ்ட்டே வேணாம்” என்று யாராவது சொன்னால், அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

நாள் கணக்கைக் கவனியுங்கள்

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடியும் போகலாம். மூன்று முறை ஃபெயில் ஆனால் 60 நாள் காத்திருக்க வேண்டும். கூடவே திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

இதனால்தான் ஐந்தாவது மாதம் வரை தள்ளிப் போடுவது ஆபத்து. அப்போது மூன்று முறை தவறினால், காத்திருப்பு முடிவதற்குள் எல்.எல்.ஆர். காலாவதியாகிவிடும். தூரத்து ஆபீஸைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் லீவு, போக்குவரத்துச் செலவு, ஸ்கூல் காருக்கான வாடகை எல்லாம் கூடும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தால், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும்; முன்னும் பின்னும் ‘எல்’ போர்டும் வேண்டும்.

எப்படி முடிவு செய்வது?

மூன்று கேள்விகள் போதும். தேர்வு நாளுக்கு ஸ்லாட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறது? பயிற்சி எடுத்த அதே வண்டியை அங்கே கொண்டுபோக முடியுமா? அந்த ஆபீஸைச் சுற்றியுள்ள ரோட்டில் ஓட்டிப் பழக வழி இருக்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் தரும் ஆபீஸ் பெரும்பாலும் வீட்டுக்கோ, வேலை இடத்துக்கோ பக்கத்தில்தான் இருக்கும்.

‘ஈஸி’ ஆபீஸ் உண்மையில் லாபமா?

ரிவர்ஸ் எடுப்பது, மேட்டில் வண்டியைக் கிளப்புவது, சிக்னல் காட்டுவது, மற்ற வண்டிக்கு வழிவிடுவது எல்லாம் விதிப்படி டெஸ்ட்டில் பார்க்க வேண்டியவை. இவற்றைப் பார்க்காமல் ‘பாஸ்’ போட்டால், அந்தத் தேர்வை ரோடு பிறகு வைக்கும். 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இதற்கெல்லாம் டெஸ்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், ஓட்டத் தெரியுமா என்று அரசு நம்மை நேரில் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

ஃபெயில் ஆனால் போவது சில நூறு ரூபாயும் ஒரு வாரமும். ஆபீஸைத் தேர்வு செய்யும் உரிமை அலைச்சலைக் குறைக்கத்தான் வந்தது. அதற்கே அதைப் பயன்படுத்துங்கள்.