போலீசாரின் ‘சமுதாய சேவை’

நமது தமிழ்நாட்டுக் கிராமத்துப் போலீஸ் ஸ்டேஷன்களில் ‘சமுதாய சேவைப் பதிவேடு’ என்பதாக ஒரு புத்தகம் இருந்து வருகின்றது. அதை இங்கிலீஷ் எழுத்துக்களால் சி.எஸ்.ஆர். என்று சுருக்கிச் சொல்லுவது வழக்கம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில், ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த கணக்கோ குளம் வெட்டிய கணக்கோ அதில் இருக்குமென்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அதில் எழுதப்படுவது என்ன? அடிபட்டவனும், பொருளைப் பறிகொடுத்தவனும், மானபங்கப்பட்டவளும் கொண்டுவந்து கொடுக்கும் மனுவின் நம்பர்தான். அந்த நம்பர் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, “போய் வா, விசாரிக்கிறோம்” என்று அனுப்பிவிடுவதற்குத்தான் சமுதாய சேவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சீட்டைப் பெற்ற பாமர ஜனங்கள் தங்கள் கேஸ் பதிவாகிவிட்டதென்று நம்பி வீடு திரும்புகின்றனர். பதிவாகவில்லை என்பதுதான் உண்மை. கேஸ் பதிவாவது என்றால் எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை எழுதப்பட வேண்டும். அது எழுதப்பட்டால் உடனே மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு பிரதி போய்விடும். பிறகு அதைக் கிழிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. சேவைச் சீட்டோ ஸ்டேஷன் வாசற்படியைத் தாண்டி எந்தக் கோர்ட்டுக்கும் போவதில்லை. அது பிறந்த இடத்திலேயே செத்துப்போகலாம். கேள்வி கேட்பார் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் சகல சூழ்ச்சியும் அடங்கியிருக்கிறது.

நாம் நேரில் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்லுவோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். ஒரு ஆதிதிராவிடத் தோழர் தமக்கு வரவேண்டிய ஒன்பது நாள் கூலியைக் கேட்கப் போனார். நிலக்காரர் கூலிக்குப் பதிலாக, கடைத்தெருவில் பலர் பார்க்க, ஜாதிப் பெயரைச் சொல்லி வைது செருப்பால் அடித்தார். தோழர் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாலை வரையில் வேப்பமரத்தடியில் நின்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேவைச் சீட்டுக் கிடைத்தது. மறுநாள் இரு தரப்பையும் அழைத்தார்கள். நிலக்காரருக்கு நாற்காலி, இவருக்குத் தரை. “ஏம்ப்பா, நாளைக்கு அவர் மூஞ்சியில முழிக்க வேண்டாமா? பேசி முடிச்சுக்க” என்றார் ஸ்டேஷன் ரைட்டர். மூவாயிரம் ரூபாய் கைமாறியது. “சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கப்பட்டது. சேவை பூர்த்தியாயிற்று!

அந்தத் தோழர் நம்மிடம் சீட்டை எடுத்துக் காட்டினார். எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? கோயில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்த பையிலிருந்து. நமக்கு ஆச்சரியமில்லை. பூசாரி கொடுக்கிற சாம்பலை நோய் தீர்க்கும் என்று நம்பும்படி பழக்கப்படுத்தப்பட்டவர், ஸ்டேஷனில் கொடுக்கிற துண்டுக் காகிதம் நியாயம் கொடுக்கும் என்று நம்பியதில் வியப்பென்ன? ஆயுதபூஜை அன்று எத்தனையோ ஸ்டேஷன்களில் துப்பாக்கிக்கும் பதிவேட்டுக்கும் சந்தனம் குங்குமம் பூசி மாலை போடுகிறார்கள். பதிவேட்டுக்குப் பூசை நடக்கிறது. அதில் எழுத வேண்டியது மாத்திரம் எழுதப்படுவதில்லை.

இதில் அந்தத் தோழர் இழந்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவு, இப்படிப்பட்ட குற்றத்திற்கு முதல் தகவல் அறிக்கை எழுத முன்விசாரணையே தேவையில்லை என்று சொல்லுகிறது. எழுத மறுக்கும் உத்தியோகஸ்தர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரோ பழங்குடியினரோ அல்லாதவராயிருந்தால், 4-வது பிரிவின்படி அவருக்கே 6 மாதம் முதல் 1 வருஷம் வரை தண்டனை உண்டு. மேலும் பாதிக்கப்பட்டவருக்குச் சர்க்கார் கொடுக்கும் நிவாரணத் தொகையின் முதல் தவணை, முதல் தகவல் அறிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. அறிக்கை இல்லையென்றால் கேஸும் இல்லை, நிவாரணமும் இல்லை. இவ்வளவையும் மூவாயிரம் ரூபாய்க்கு விலைபேசி முடித்துவிட்டு அதற்குச் சேவை என்று பெயர் வைப்பதானால், வழிப்பறிக்குத் தர்மம் என்று ஏன் பெயர் வைக்கக்கூடாது என்று கேட்கின்றோம்.

இந்த இலாகாவின் பழைய கதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. குடிகளின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது முதலான சித்திரவதைகள் நடப்பது உண்மைதான் என்று 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷனே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு 1859-ம் வருஷத்துச் சட்டப்படி போலீஸ் தனி இலாகாவாயிற்று. இலாகா பிரிந்ததேயொழிய எஜமான் புத்தி பிரியவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்துப் பெயரைப் பதிவு செய்ய மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிக்கு அடுத்த பெருங்காமநல்லூரில் போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அன்று, “உன் பெயரை எழுதியே தீருவேன்” என்று சுட்டார்கள். இன்று அதே குடிகள் எழுதச் சொல்லி வந்து நின்றால், “எழுத முடியாது” என்கிறார்கள். நம்மைக் குற்றவாளியாக எழுதுவதற்கு இருந்த அவசரம், நமக்குச் செய்யப்பட்ட குற்றத்தை எழுதுவதற்கு ஏன் இல்லை?

சிலர் வந்து, “போலீசார் மரக்கன்று நடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் நடத்துகிறார்கள், வெள்ளத்தில் ஜனங்களைத் தூக்கிக் கரை சேர்க்கிறார்கள், அதையெல்லாம் மறைக்கலாமா?” என்று கேட்கலாம். மறைக்கவில்லை. வெள்ளத்தில் இறங்கிய போலீஸ்காரரை நாமும் பாராட்டுகின்றோம். அவரும் நம்மைப்போல் ஏழைக் குடியில் பிறந்தவரே. நேரம் காலமில்லாமல் உழைக்கும் அவருக்குச் சங்கம் வைத்துக்கொள்ளக்கூட 1966-ம் வருஷத்துச் சட்டம் வழிவிடவில்லை. முதல் தகவல் அறிக்கை கூடினால், “உன் எல்லையில் குற்றம் பெருகிவிட்டது” என்று மேலதிகாரி சீறுகிறார். அந்தச் சீற்றத்திற்குப் பயந்துதான் பலர் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளாமலே நோய் குறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டும் வைத்தியனை யோக்கியன் என்பீர்களா?

1993-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ‘போலீஸ் நண்பர்கள்’ என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தார்கள். ஜனங்களும் போலீசாரும் நெருங்க வேண்டும் என்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 2020-ல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டதையொட்டி எழுந்த கண்டனத்திற்குப் பிறகு, அவ்வருஷம் ஜூலையில் சர்க்காரே அந்த ஏற்பாட்டைத் தடை செய்தது. அதிகாரத்திற்கு எதிரில் குடியானவனின் உரிமை நிலைக்காத இடத்தில், நண்பன் என்ற வார்த்தை வெறும் அலங்காரமே என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

‘சேவை’ என்பது இஷ்டப்பட்டால் செய்வது, இஷ்டமில்லாவிட்டால் விடுவது. உரிமை அப்படிப்பட்டதல்ல. புகாரை எழுதுவது போலீசார் நமக்குப் போடும் பிச்சையல்ல. நமது வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. கைது செய்யத்தக்க குற்றமென்று மனுவில் தெரிந்தால் எழுதியே ஆகவேண்டும், எழுதாத அதிகாரியின் மீது நடவடிக்கை வேண்டும் என்று 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்ற சில வகைகளுக்கே முன்விசாரணையை அனுமதித்தார்கள். 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, 3 வருஷம் முதல் 7 வருஷத்திற்குள் தண்டனையுள்ள குற்றங்களில் மேலதிகாரி அனுமதியோடு முன்விசாரணை செய்ய இடங்கொடுத்தாலும், அதை 14 நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் சீட்டை மடித்து வைத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவுமில்லை.

ஆதலால் தோழர்களே! இனி ஸ்டேஷனுக்குப் போகும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊர்ப் பெரியதனக்காரனைத் துணைக்கு அழைக்காதீர்கள். படித்த வாலிபர் ஒருவரை அழைத்துப் போங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். அதை எழுதிக்கொண்டு உங்களுக்குப் படித்துக் காட்டவேண்டியது அவர்கள் கடமை. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். சேவைச் சீட்டை நீட்டினால், “எஃப்.ஐ.ஆர். எங்கே?” என்று கேளுங்கள். அதன் பிரதியைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது அதே 173-வது பிரிவு. மறுத்தால் ஜில்லா சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மேற்படி கிராமத்தில் இப்போது நமது வாலிபர்கள் நால்வர் முறைவைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகிறவர்களுடன் கூடவே போய் வருகின்றார்கள். அவர்கள் கூச்சல் போடுவதில்லை, சண்டை பிடிப்பதில்லை, பக்கத்தில் நின்று பிரதியைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். சென்ற மாதம் அங்கே முதல் தகவல் அறிக்கை ஒன்று பதிவாகியிருக்கிறது. ஊருக்கு நான்கு பேர் இந்த வேலையை மேற்போட்டுக்கொண்டால் அதுவே உண்மையான சமுதாய சேவையாகும் என்று சொல்லி முடிக்கின்றோம்.