கம்யூனிகேஷன்னா இங்கிலீஷா?

பி.காம். படிக்கும் நான், நான்-மேஜர் எலெக்டிவுக்கு கம்யூனிகேஷன் எடுக்கப் போகிறேன் என்றதும் நண்பன் கேட்டான்: "உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே, அப்புறம் எதுக்குடா?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம்முடைய பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பர் அப்படி. புகார்க் கடிதம், சுற்றறிக்கை, விண்ணப்பம்... சீனியர் நோட்ஸை மனப்பாடம் செய்தால் பாஸ். அந்தக் கடிதத்தைப் படிக்கிறவருக்குப் புரியுமா என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மா ஃபிக்சட் டெபாசிட் போட பேங்குக்குப் போனார். வந்தது யூலிப் பாலிசி. ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது என்பது தாளில் அச்சாகியிருக்கிறது, கீழே அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி. ஒரு வருடம் கழித்து நான் அதைப் படித்து விளக்கியபோது அம்மா சொன்னது: "இதை அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே?"

நாம் மூன்று வருடம் படிப்பது அந்தத் தாளைத் தயாரிக்கத்தான். அம்மாவிடம் அதைச் சொல்வதற்கு அல்ல.

மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தின் கடைசியில் வரும் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 14 வார்த்தைகள். குறைந்தது 5 விநாடி ஓடினால் தெளிவாக இருப்பதாகக் கொள்ளலாம் என்கிறது செபி விதி. காதில் விழுந்தால் புரிந்ததாகக் கணக்கு!

அனுப்புநர், பெறுநர், நடுவில் இரைச்சல் என்று நம் புத்தகத்தில் ஒரு கட்டம் போட்ட படம் இருக்குமே, அதற்கு மூலம் 1948-ல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை. பெல் லேப்ஸ் இஞ்சினியர் அவர். செய்தியின் பொருள் என்ன என்பது என் பிரச்னை அல்ல என்று முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிட்டார். கம்பி வழியாகப் போவதைப் பற்றிய படத்தை, மனிதர்கள் பேசுவதற்கு விளக்கமாக நாம் பத்து மார்க்குக்கு வரைகிறோம் :-) அதே 1948-ல் ஹரால்ட் லாஸ்வெல் யார், எதை, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்கள் என்று கேட்டார். அம்மா கேட்டது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

காமர்ஸை விட்டுவிட்டு இதையே மேஜராகப் படிக்கச் சொல்லவில்லை. எனக்கே அந்தத் தைரியம் இல்லை. பேலன்ஸ் ஷீட் தெரிந்தவன்தான் அதை விளக்கவும் வேண்டும், அதனால் கூடவே படித்தால் போதும். யு.ஜி.சி.யின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்பு மூன்று வருடப் படிப்பில் மைனருக்கு 24 கிரெடிட் ஒதுக்கியது. எங்கள் கல்லூரியில் எனக்குக் கிடைப்பது இரண்டே பேப்பர், நாலு கிரெடிட்.

வெள்ளிக்கிழமை ஃபாரம் கொடுக்க வேண்டும். நண்பன் யோகா எடுத்திருக்கிறான், அதில் இன்டர்னல் மார்க் நிறைய வருமாம்.