தனியே ஓடவும் சேர்வரின் அனுமதியா?

கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய கேம் 2022 மார்ச் 4 ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. இரண்டு கிழமைகூட முடியவில்லை. 17 ஆம் திகதி ஒரு அப்டேட் போடும்போது ஏதோ பிழைத்து, முப்பது மணித்தியாலத்துக்கும் மேலாக உலகம் முழுவதும் அது முடங்கிக் கிடந்தது. இலங்கையில் அது மின்வெட்டு உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மாதம். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் என்ற அளவுக்கு வெட்டு வந்தது. மானிப்பாயிலோ சங்கானையிலோ கரண்ட் வரும் நேரம் பார்த்து பிளேஸ்டேஷனைப் போட்ட ஒரு பொடியனுக்கு, கரண்டும் இருந்து, இணைப்பும் இருந்து, டிஸ்க்கும் உள்ளே சுழன்றுகொண்டிருக்க, கேம் மட்டும் திறக்காத நாள்கள் அவை. முடங்கியது ஒன்லைன் போட்டி மட்டும் என்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எவரோடும் மோதாமல், கேமே ஓட்டும் கார்களோடு தனியே ஓடும் பகுதியும் சேர்ந்தே முடங்கியது. அந்தக் கேமில் ஒரு கஃபே இருக்கிறது. அங்கே போய்த்தான் அடுத்து எந்தப் பந்தயம், எந்தக் கார் என்று வாங்கிக்கொண்டு வரவேண்டும். அந்தக் கஃபேயின் கதவு ஒரு சேர்வரின் சொல்லுக்குத்தான் திறக்கும். பழைய கார் வாங்குவதும், வாங்கிய காரைத் திருத்துவதும்கூட அப்படியே.

ஒன்லைன் பந்தயம் தடுமாறுவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அது தடுமாறத்தான் செய்யும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில் ஐந்தரை மீற்றர் கடந்துவிடும். அது ஒரு காரின் நீளத்தைவிடக் கூட. எதிராளியின் கார் இப்போது எங்கே நிற்கிறது என்ற தகவல் அவ்வளவு நேரம் பிந்தி வந்தால், உங்கள் பெட்டி அதை ஊகித்துத்தான் திரையில் வரையவேண்டும். முன்பு போன வேகம், முன்பு திரும்பிய கோணம் இவற்றைக்கொண்டு செய்யும் ஊகம் அது. வளைவில் எதிராளி திடீரென பிரேக் போட்டால் ஊகம் பிழைக்கும், கார் பாய்ந்து பாய்ந்து நகரும், இடிக்காத காரை இடித்ததாகக் கணக்காகும். சுட்டு விளையாடும் கேம்களில் ஒளிந்து நிற்கவாவது இடமுண்டு. பந்தயத்தில் இருபது கார்களும் ஒரே தெருவில் உரசிக்கொண்டு ஓடுவதால் ஒவ்வொரு பிந்தலும் கண்ணில் குத்தும். மானிப்பாயில் இருந்து புறப்படும் தகவல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடலடி வடத்தில் சிங்கப்பூருக்குப் போவதென்றால் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும் கணக்கில், போய்வரவே 30 மில்லிசெக்கன் வேண்டும். இடையில் உள்ள கருவிகள் எடுக்கும் நேரம் தனி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு ஓட ஆசைப்பட்டால், எவ்வளவு காசு கொடுத்து ஃபைபர் போட்டாலும் 100 மில்லிசெக்கனுக்குக் கீழே வராது. யாரையும் ஏசிப் பிரயோசனமில்லை.

ஆனால் தனியே ஓடுகிறவனைச் சேர்வரோடு கட்டிவைப்பது இயற்கை விதித்ததல்ல, நிறுவனம் எடுத்த முடிவு. அதற்கு 2014 இல் வெளிவந்த இரண்டு பந்தயக் கேம்களே சாட்சி. ஒக்டோபரில் சோனி வெளியிட்ட டிரைவ்கிளப்பின் ஒன்லைன் பகுதி முதல் நாளே சரிந்துவிட்டது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரருக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்ன பதிப்பு 2015 ஜூன் வரை இழுபட்டது. 2016 இல் அதைச் செய்த எவல்யூஷன் ஸ்டூடியோஸையே சோனி மூடியது. 2020 மார்ச் 31 இல் சேர்வர்களும் நின்றன. இவ்வளவு கெட்ட சாதகத்தோடு பிறந்த அந்தக் கேமை, டிஸ்க் வைத்திருப்பவர் இன்றும் தனியே ஓட்டலாம். அதே 2014 டிசம்பரில் யூபிசொஃப்ட் வெளியிட்டது த க்ரூ. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, அதற்குள் தனியே ஓடி முடிக்க ஒரு முழுக் கதையும் வைத்திருந்தார்கள். ஆனால் இணைப்பு இல்லாமல் அது தொடங்கவே தொடங்காது. 2024 மார்ச் 31 இல் சேர்வர்கள் நின்றதும் கதையும் நின்றது. அதோடு விடாமல், அடுத்த மாதமே வாங்கியவர்களின் கணக்குகளில் இருந்து உரிமத்தையும் பறிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த டிஸ்க் வட்டமான ஒரு பிளாஸ்ரிக் துண்டு.

கிரான் டூரிஸ்மோவின் ஆக்கியோன் கசுனோரி யமௌச்சி 2021 இலேயே ஒரு காரணம் சொன்னார். சேமித்த தரவைத் திருத்தி ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டாய இணைப்பு என்றார். ஏமாற்று உண்மையில் பெரிய தொல்லைதான். கள்ளமாகக் காசு சேர்த்தவன் எல்லாருக்கும் முன்னால் ஓடினால் நேர்மையாக விளையாடுகிறவன் எழும்பிப் போய்விடுவான். ஆனால் அதற்கு மருந்து ஒன்லைன் கராஜையும் ஒஃப்லைன் கராஜையும் பிரித்துவைப்பது. தன் வீட்டில், தன் பெட்டியில், யாரோடும் போட்டி போடாமல் ஒருவன் பத்துக் கோடி கிரெடிட் கள்ளமாகச் சேர்த்தால் யாருக்கு நட்டம்? கேள்விக்கு ஒரு பதில் உண்டு: கிரெடிட்டைக் காசுக்கு விற்கிறவருக்கு நட்டம். அந்தக் கேமில் உண்மைக் காசு கொடுத்துக் கிரெடிட் வாங்கலாம். அந்த மார்ச் மாத அப்டேட்டே சில பந்தயங்களின் பரிசுத் தொகையைக் குறைக்கவும் செய்தது. பிறகு எழுந்த கோபத்தில் யமௌச்சி மன்னிப்புக் கேட்டு, ஆளுக்குப் பத்து இலட்சம் கிரெடிட் கொடுத்தார். இப்படியிருக்க, ஏமாற்றுத் தடுப்பு மட்டுமே காரணம் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சேர்வர் நடத்தக் காசு செலவாகும், எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் நடத்திக்கொண்டிருக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. நியாயமானதுதான். என்றென்றைக்கும் நடத்து என்று யாரும் கேட்கவுமில்லை. 1842 இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் சந்திரசேகர பண்டிதரின் அகராதி அச்சானது. மானிப்பாய் அகராதி என்றே பேரெடுத்தது. அந்த அச்சகம் இல்லாமற்போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வாங்கியவர் வீட்டு அகராதி அதோடு வெற்றுத்தாள் ஆகிவிடவில்லை. கேமுக்கும் இது முடியும் என்பதைச் செய்து காட்டியவர்கள் சோனிக்காரரே. கிரான் டூரிஸ்மோ 7 க்கு முந்திய கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டும் பெரும்பாலும் இணைப்போடுதான் ஓடியது. அதன் ஒன்லைன் சேவையை 2024 ஜனவரி 31 இல் நிறுத்துமுன், தனி ஆட்டப் பகுதி இணைப்பில்லாமல் ஓடும்படி கடைசி அப்டேட் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் மூடினார்கள். த க்ரூ விவகாரத்தில் அடி வாங்கிய யூபிசொஃப்ட்கூட, 2024 செப்டெம்பரில் த க்ரூ 2 க்கும் த க்ரூ மோட்டர்ஃபெஸ்ட்டுக்கும் ஒஃப்லைன் முறை வரும் என்று அறிவித்தது. ஆக முடியாத காரியம் என்று எதுவும் இல்லை. சத்தம் போட்டால் முடிகிறது, சும்மா இருந்தால் முடியாமல் இருக்கிறது.

இதைவிடக் கனமான கேள்வி நம் பக்கத்தில் இருந்தே வரும். தண்ணீருக்கும் காணிக்கும் வேலைக்கும் அல்லாடும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார் கேம் பற்றி ஒரு கட்டுரையா? அதிலும் பாதிப் பேர் விளையாடுவது கிராக் கொப்பிதானே? கிராக் கொப்பி விளையாடுகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு, அதுதான் இதில் உள்ள கொடுமை. பூட்டு உடைக்கப்பட்ட கேம் சேர்வரைத் தேடாது. காசு கொடுத்து வாங்கியவர் கேம்தான் தேடும். அந்தக் காசும் சின்னக் காசல்ல. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 70 டொலர் கேம் ஒன்று 14,000 ரூபாவில் இருந்து 25,000 ரூபாவானது. ஒன்லைனில் மற்றவரோடு ஓட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேறு. இன்னொன்று, பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்குள்ளவர் இந்தியாவில் இருப்பதாகவோ பிரித்தானியாவில் இருப்பதாகவோ சொல்லித்தான் கணக்குத் திறக்கிறார், அல்லது கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பெயரில் ஓட்டுகிறார். நாளைக்கு நட்டம் வந்து முறையிடப் போனால், எந்த நாட்டுப் பாவனையாளர் நீங்கள் என்ற முதல் கேள்வியிலேயே வாயடைத்துப் போவார். இது கேமோடு நிற்கிற சங்கதியும் இல்லை. வாங்கிய பொருளை விற்றவரே தூரத்தில் இருந்து அணைக்கலாம் என்ற வழக்கம் புத்தகத்துக்கும், கமெராவுக்கும், காருக்கும் வந்துகொண்டிருக்கிறது. பந்தயக் கேமில் அது துலக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சின்னச் சந்தையான இலங்கை சோனியையும் யூபிசொஃப்ட்டையும் என்ன செய்துவிட முடியும் என்று கைவிரிக்கலாம். பெரிய சந்தைகள் ஏற்கெனவே அசையத் தொடங்கிவிட்டன. த க்ரூ மூடப்பட்ட பிறகு தொடங்கிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் இருந்து, டிஜிட்டல் பொருளை விற்பவர் தான் கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குமுன் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது சட்டம். நமது அரசும் 2025 இல் வற் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் இருந்து விற்கப்படும் டிஜிட்டல் சேவைகளை வரிக்குள் கொண்டுவர வழிசெய்தது. 18 வீதம் அறவிடக் கை நீட்டும் அரசுக்கு, அந்தப் பொருள் என்னவென்று கேட்க வாய் இருக்கவேண்டும். நுகர்வோர் அதிகாரசபைக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கையில் இருக்கிறது. பிஸ்கட் பைக்கற்றின் காலாவதித் திகதியைப் பார்க்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாண நகரக் கடைகளுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் இறக்குமதியாகி வரும் கேம் டிஸ்க்கின் உறையில் இரண்டு வரி ஒட்டும்படி அவர்களால் உத்தரவிட முடியும்: தனியே விளையாட இணைப்பு வேண்டுமா, இல்லையா, வேண்டுமென்றால் சேர்வர் எந்த ஆண்டுவரை நிச்சயம் இருக்கும். அந்தத் திகதியைப் பார்த்துவிட்டு 25,000 ரூபாவை எண்ணிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை வாங்குகிறவர் முடிவுசெய்துகொள்வார்.