கடன் முடிஞ்ச வீட்டை மறுபடியும் பேங்குல கொண்டு போய் வைக்காதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. இது கோவில் நிர்வாகத்தின் கருத்து இல்ல, என் சொந்தக் கருத்து. கோபம் வந்தா நேரா என்கிட்டயே வந்து கேளுங்க. வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துலதான் நிப்பேன்.

இந்த வருஷம் மட்டும் நம்ம கோவிலுக்கு வர்றவங்கள்ல மூணு பேர் என்கிட்ட ஒரே விஷயத்தைக் கேட்டுட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், நீங்களும் தேடாதீங்க. மூணு பேருக்கும் வயசு ஐம்பதுக்கு மேல. மூணு பேரும் வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சவங்க. கேட்டது இதுதான்: "அண்ணே, வீட்டை ரீஃபைனான்ஸ் பண்ணி எண்பதாயிரம் எடுக்கலாம்னு இருக்கோம். பிள்ளை கல்யாணம். ஏஜெண்ட் சொல்றாரு, வீடு சும்மாதானே கிடக்குது, அதைக் காசா மாத்துங்கன்னு."

பக்கத்துல நின்னவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "செய் லா, ஒரே பொண்ணு. வாழ்க்கையில ஒரு தடவைதானே."

அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது தப்பு. அதனாலதான் இப்ப எழுதுறேன்.

முதல்ல இந்த "சும்மா கிடக்குது"ங்கிற பேச்சை எடுத்துக்குவோம். வீடு எங்கேயாவது சும்மா கிடக்குமா? ராத்திரி உங்களைத் தூங்க வைக்குது. மாசம் வாடகை கொடுக்காம உங்களைக் காப்பாத்துது. வேலை போனாலும் யாரும் வந்து வெளியே போன்னு சொல்ல முடியாத ஒரு இடம் அது. இதெல்லாம் சும்மா கிடக்கிறதா? ஏஜெண்டுக்கு கமிஷன் வராத வரைக்கும் அது அவர் கண்ணுக்கு சும்மா கிடக்கிற மாதிரிதான் தெரியும்.

இப்ப கணக்குக்கு வருவோம். நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. ஆனா ஃபேக்டரியில இருபது வருஷமா உற்பத்திக் கணக்கு எழுதுறேன், கூட்டல் கழித்தல் தெரியும்.

80,000 வெள்ளி, வட்டி 4.5 விழுக்காடு, பத்து வருஷம்னு வச்சுக்குங்க. மாசத் தவணை ஏறக்குறைய 829 வெள்ளி. பத்து வருஷத்துல நீங்க கட்டுறது கிட்டத்தட்ட 99,500 வெள்ளி. வக்கீல் காசு, முத்திரை வரி, வீட்டை மதிப்பிடுற காசு எல்லாம் சேர்த்தா ஒரு லட்சத்தைத் தாண்டிடும். ஒரு ராத்திரி டின்னருக்கு, மேடை அலங்காரத்துக்கு, டிஜேக்கு, கடற்கரையில எடுக்கிற ப்ரீ வெட்டிங் போட்டோவுக்கு, ஒரு லட்சம் வெள்ளி.

அதை விடுங்க. உங்க வயசைப் பாருங்க. 54 வயசுல இந்தக் கடனை எடுத்தா 64ல முடியும். நம்ம நாட்டுல தனியார் துறையில ஓய்வு வயசு 60. நம்மள மாதிரி மெஷின் பக்கத்துல நின்னு வேலை செய்றவங்களுக்கு அதுக்கு மேல எத்தனை பேருக்கு வேலை நீட்டிச்சுக் கொடுக்கிறாங்க? அப்போ 60ல இருந்து 64 வரைக்கும் 48 மாசம், மாசம் 829. கிட்டத்தட்ட 40,000 வெள்ளி. இது எங்கிருந்து வரும்? உங்க இபிஎஃப்ல இருந்துதான். எம்.சி.ஓ. காலத்துலயே ஐ-சினார், ஐ-சித்ரான்னு பாதியை எடுத்துச் சாப்பிட்டவங்க எத்தனை பேர் நம்ம மத்தியில? மீதி இருக்கிறதையும் கல்யாண டின்னருக்கே கொடுக்கப் போறீங்களா?

"அண்ணே, கடனை எடுத்து இபிஎஃப்ல போட்டா லாபம், வட்டி 4.5தான், டிவிடெண்ட் அதை விட அதிகம்"னு ஒரு தம்பி சொன்னாரு. பேப்பர்ல சரியாத்தான் இருக்கு. 2024க்கு இபிஎஃப் 6.30 கொடுத்துச்சு. 2022ல 5.35. ஏறும், இறங்கும். பேங்க் வட்டியும் அப்படித்தான். 2020 ஜூலையில 1.75ல இருந்த பேங்க் நெகாரா வட்டி விகிதம், 2023 மே மாசம் 3.00ல வந்து நின்னுச்சு. கடன் வச்சிருந்தவங்களுக்குத் தவணை ஏறுனது ஞாபகம் இருக்கும். அதோட, தம்பி, நான் கேக்கிறது ஒண்ணுதான். எடுத்த எண்பதாயிரத்தை அப்படியே கொண்டு போய் இபிஎஃப்ல போட்ட ஒரு ஆளை எனக்குக் காட்டு. நான் பார்த்த வரைக்கும் அது மண்டபத்துக்கும் புதுக் காடிக்கும்தான் போகுது.

எம்.சி.ஓ. காலத்தை மறந்துட்டீங்களா? 2020 மார்ச் 18ல எல்லாம் மூடினாங்க. எங்க ஃபேக்டரியில ஓவர்டைம் நின்னு போச்சு. வெறும் அடிப்படைச் சம்பளம். ஏப்ரல்ல இருந்து ஆறு மாசம் பேங்குகள் தவணையைத் தள்ளி வச்சாங்க. தள்ளி வச்சாங்க, தள்ளுபடி பண்ணல. வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அந்த நேரத்துல என் கீழ வேலை செஞ்ச பையன்கள் முகத்தை நான் பார்த்திருக்கேன். வீட்டுக் கடன் இல்லாதவன் அரிசி பருப்பைப் பத்தி மட்டும் கவலைப்பட்டான். கடன் இருந்தவன் தூங்கவே இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். இது நம்ம சனங்களுக்கு மட்டும் புரியிற விஷயம்.

நம்ம அப்பா அம்மா இருந்தது தோட்டத்து லயத்துல. அது நம்ம வீடு இல்ல, கம்பெனி வீடு. நாற்பது வருஷம் பால் மரம் வெட்டினவருக்கும், தோட்டம் கைமாறின அன்னைக்கு சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு வெளியே வர வேண்டியதுதான். கோவிலுக்கும் அதே கதைதான். இப்ப நாம கும்பிடுற அம்மன் எங்கிருந்து இங்க வந்தாங்க? தோட்டத்துல முன்னோர்கள் கட்டின கோவில், நிலம் நம்ம பேர்ல இல்ல, கெரான் இல்ல. அதனால ஆத்தாவையே லாரியில ஏத்திக்கிட்டு வந்தோம். அன்னைக்கு அழுத அம்மாமார்கள் இன்னும் நம்ம கூட இருக்காங்க. கெரான் இல்லாட்டி சாமிக்கே இடம் இல்லைன்னு பார்த்த கூட்டம் நாம. நாமளே கையில இருக்கிற கெரானைக் கொண்டு போய் பேங்குல கொடுக்கலாமா?

1960ல துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சது எதுக்கு? தோட்டங்களைத் துண்டு துண்டா விக்கிறாங்க, நம்ம சனங்க நடுத்தெருவுக்கு வர்றாங்கன்னுதான். தோட்டம் தோட்டமாப் போய், தொழிலாளிங்க கிட்ட பத்துப் பத்து வெள்ளியாச் சேர்த்துதான் தோட்டம் வாங்கினாங்க. அந்தப் பத்து வெள்ளி அன்னைக்கு ஒரு குடும்பத்தோட சாப்பாட்டுக் காசு. நிலம் வேணும்னு வயித்தைக் கட்டினவங்க பிள்ளைங்க நாம. டின்னருக்கு நிலத்தை வைக்கிறோம்.

சரி, நீ என்ன பெரிய யோக்கியனான்னு கேப்பீங்க. கேளுங்க, சொல்றேன்.

நாங்க ஒரு மாடி டெரஸ் வீடு வாங்கினது 1997ல. அடுத்த வருஷமே பொருளாதாரம் கவுந்து வட்டி ஏறுச்சு. இருபத்தஞ்சு வருஷக் கடன். ஆனா இபிஎஃப் அக்கவுண்ட் டூவுல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து கடன் பாக்கியைக் குறைக்கலாம்னு ஒரு சீனத் தோழர் சொன்னாரு. அதை விடாம செஞ்சோம். போனஸ் வந்தாலும் அங்கதான். அதிகமாக் கட்டும்போது "இதை அசல்ல கழிங்க"ன்னு பேங்குல எழுதிக் கொடுக்கணும். இல்லாட்டி அடுத்த மாசத் தவணைன்னு எடுத்துக்கிறதும் உண்டு. இப்படியே 2016 மார்ச் மாசம், ஆறு வருஷம் முன்னாடியே முடிச்சோம்.

முடிச்சதும் நடந்ததைத்தான் வெக்கத்தை விட்டுச் சொல்றேன். மாசத் தவணை 510 வெள்ளி. அந்த 510 இனி மிச்சம்னு நினைச்சேன். டிசம்பர்ல என் வீட்டுக்காரம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "ஒன்பது மாசக் காசு எங்கேங்க?"ன்னு கேட்டாங்க. ஒரு காசு இல்ல. வாரா வாரம் வெளியில சாப்பாடு, மகனுக்கு தவணையில போன், ஆஸ்ட்ரோவுல கூடுதல் சேனல், தீபாவளிக்கு ஆளுக்கு மூணு செட் துணி. எதுவும் பெரிய செலவு இல்ல. எல்லாம் சேர்ந்து 510ஐ முழுங்கிருச்சு.

2017 ஜனவரியில இருந்து ஒரு சட்டம் போட்டோம். சம்பளம் வந்த அன்னைக்கே 510 வெள்ளி வேற கணக்குக்குப் போயிடும். கடன் இன்னும் இருக்கிற மாதிரியே நினைச்சுக்கிட்டோம். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு கிடையாது. மீதியில தான் வீடு நடக்கும். தவணையில எந்தச் சாமானும் வாங்கறதில்ல, போன்ல வர்ற "இப்ப வாங்கு பிறகு கட்டு"ம் கிடையாது. எட்டு வருஷத்துல 48,960 வெள்ளி, வட்டி தனி. போன வருஷம் மகன் கல்யாணத்தை அதுல இருந்துதான் செஞ்சோம். கோவில்ல தாலி, மண்டபத்துல நானூறு பேருக்கு வாழையிலை சாப்பாடு, அவ்வளவுதான். டின்னர் இல்ல. மொத்தச் செலவு பதினெட்டாயிரம்.

பேசினாங்க. "சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணம், டின்னர் கூட இல்லையா"ன்னு என் காது படவே பேசினாங்க. சொந்த அக்காவே ஒரு மாசம் பேசல. வலிச்சுச்சு, பொய் சொல்லல. ஆனா மருமகள் வந்து ஏறினது கடன் இல்லாத வீடு. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த சீர் அதுதான்.

இப்ப நம்ம கோவில் பக்கமும் விரலை நீட்டணும். கடனுக்கு நாமளும் தூபம் போடுறோம். திருவிழாவுல உபயத் தொகையை மைக்கில வாசிக்கிறோம். பெரிய தொகை கொடுத்தா பேனர்ல பெரிய படம், முதல் மரியாதை, மாலை. போன வருஷம் அவர் செஞ்சதை விட இந்த வருஷம் நான் ஒரு படி மேலன்னு போட்டி. அதுக்காக நகையை அடகுக் கடையில வச்சவங்களை எனக்குத் தெரியும். அம்மன் கேட்டாங்களா? ஒரு முழம் பூ போதும்னு இருக்கிற தாயை, கடன்காரி மாதிரி ஆக்கிட்டோம். வர்ற ஆண்டுப் பொதுக் கூட்டத்துல நான் எழுந்து கேக்கப் போறேன்: உபயத் தொகையை மைக்கில சொல்றதை நிறுத்துங்க, பேனர்ல எல்லாருக்கும் ஒரே அளவு பேர் போடுங்க. வருமானம் குறையும்னு சொல்வாங்க. குறையட்டும். பக்தர் வீடு அடமானத்துக்குப் போய் வர்ற காசுல கும்பாபிஷேகம் நமக்கு வேணாம்.

எல்லாக் கடனும் பாவம்னு நான் சொல்ல வரல. உயிர் போற வைத்தியம்னா வீடு என்ன, எதையும் வைக்கலாம். பிள்ளை படிப்புக்கு பிடிபிடிஎன் இருக்கு, ஒரு விழுக்காடுதான், அதை முதல்ல பாருங்க. ஏற்கனவே கடன்ல மாட்டினவங்க வெக்கப்படாம ஏகேபிகேக்குப் போங்க. பேங்க் நெகாரா அமைச்ச நிறுவனம், ஆலோசனை இலவசம். வட்டிக்காரன் கிட்ட மட்டும் போகாதீங்க.

கடைசியா ஒரு வேலை. கடன் கட்டி முடிச்சவங்க, உங்க கெரானை எடுத்துப் பாருங்க. அதுல பேங்க் பேர் இன்னும் இருக்கும். கடன் முடிஞ்சா அது தானா அழியாது. வக்கீல் வச்சு நில அலுவலகத்துல அடமானத்தை நீக்கணும். கொஞ்சம் செலவுதான். இதைச் செய்யாம பத்து வருஷம் அலமாரியில வச்சிருக்கிறவங்க நம்மள்ல நிறையப் பேர். நாளைக்கு நீங்க இல்லாட்டி பிள்ளைங்கதான் அலையணும். எங்க போகணும், என்ன பேப்பர் வேணும்னு தெரியலைன்னா என்னைக் கேளுங்க, நான் செஞ்சிருக்கேன், கூட வர்றேன்.

அந்த மூணு பேருக்கும்: அண்ணன் திட்டுறான்னு நினைக்காதீங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சு, "அப்பா 64 வயசு வரைக்கும் மாசம் 829 கட்டணும், சரியாம்மா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. அந்தப் பிள்ளையே டின்னர் வேணாம்னு சொல்லும். கல்யாணத்தன்னைக்கு சமையலுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, தொண்டர்கள் பத்து பேர் வர்றோம். காய் வெட்டுறதுல இருந்து இலை எடுக்கிறது வரைக்கும் நாங்க பாத்துக்கிறோம். அதுக்குக் காசு வேணாம்.

எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கவும். அம்மன் துணை.