திரையில் நீந்தும் பொய் மீன்கள்

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத இடத்தில் மீன் நீந்தி நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன், தூத்துக்குடியில் ஒரு கடை மேஜை மேல். மாமாவின் ஃபைபர் படகுக்கு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் பொத்தானை அமுக்கியதும் திரை முழுக்க நீலக்கடல். நடுவில் குண்டு குண்டாக மீன் பொம்மைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆழம் எவ்வளவு என்று ஒரு எண்.

"பாத்தியளா அண்ணாச்சி, மீனு எங்க நிக்குன்னு அதுவே சொல்லிரும். நீங்க தூண்டிய விட்டாப் போதும்."

ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்க வேண்டிய டிரான்ஸ்டியூசர் அந்த நேரம் அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது! திரையில் ஓடியது வெறும் டெமோ. மாமா கடன் வாங்கிப் பணத்தைக் கட்டினார். முதல் வாரமே மூன்று முறை பொம்மை மீனைப் பார்த்துப் படகை நிறுத்தித் தூண்டில் இறக்கினார். ஒரு தடவை கிடைத்தது தூண்டில் கயிற்றில் ஒட்டிய சொறி. மற்ற இரண்டு தடவை அதுவும் இல்லை. எரிந்த மண்ணெண்ணெய்க்கு யார் பொறுப்பு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் கருவி மேல் இல்லை. ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948ல் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அது மீனவனுக்கு நல்ல தோழன்தான். என் கோபமெல்லாம் அந்த மீன் பொம்மை மேல்தான். அதோடு "ஆட்டோவிலேயே போட்டுவிடுங்க, எதையும் தொடாதீங்க" என்ற அறிவுரை மேலும்.

கருவிக்கு மீன் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரொலி ஒன்றுதான். ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 40 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். திரும்பி வந்தது எவ்வளவு பலமாக, எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைத்தான் அது வரைகிறது. பொம்மை வசதியைப் போட்டுவிட்டால், தரையோடு ஒட்டாமல் நடுநீரில் தெரியும் எதிரொலிகளை ஒரு கணக்குப் போட்டு 'இது மீனாக இருக்கலாம்' என்று ஊகித்து, அசல் எதிரொலியை மறைத்துப் படத்தை ஒட்டுகிறது. காற்றுக்குமிழி, பாசி, சொறிக்கூட்டம், தண்ணீரில் சூடும் குளிரும் சந்திக்கிற அடுக்கு என எதற்கும் பொம்மை விழலாம்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையில் பட்டுத்தான் வருகிறது. நம் கடற்கரையில் நல்ல விலை போகும் வஞ்சிரத்துக்கு அந்தக் காற்றுப்பையே கிடையாது! வரிச்சூரைக்கும் கிடையாது, சுறாவுக்கும் கிடையாது. ஆக, எதைத் தேடிப் போகிறோமோ அது மங்கலான கீறலாகத்தான் விழும். அந்தக் கீறலைக் கண்டுபிடிக்க மனிதக் கண் வேண்டும். பொம்மை போடும் நிரல் அதைக் குப்பை என்று தள்ளிவிட்டால் கேட்க நாதியில்லை.

அசல் திரையைப் படிப்பது அப்படி ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒலி கூம்பு வடிவில் விரிந்து கீழே போகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், படகுக்கு நேர் கீழே வரும்போது குறைவு, மறு ஓரத்தில் மறுபடி அதிகம். அதனால்தான் திரையில் வில் மாதிரி வளைவு விழுகிறது. படகும் மீனும் அசையாமல் நின்றால் வளைவு வராது, நீளக் கோடுதான் வரும். "கோடு நீளமா இருக்கு, பெரிய மீனு" என்று சொன்னால் நம்பாதீர்கள். நீளம் என்பது மீன் கூம்புக்குள் இருந்த நேரம், அவ்வளவே. தடிமனையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, திரையின் வலது ஓரம்தான் இப்போது நடப்பது. இடப்பக்கம் இருப்பதெல்லாம் படகு கடந்துவந்த கதை.

கூம்பு எவ்வளவு அகலம்? 20 டிகிரி என்றால் 40 மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் 14 மீட்டர் வட்டம். 45 டிகிரி என்றால் 33 மீட்டர். மீன் அந்த வட்டத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சாதாரணக் கருவி சொல்லாது. சரிவான பாரின் மேல் அகலக் கூம்பை வைத்தால் மேட்டையே தரை என்று காட்டி, பள்ளத்தில் நிற்கும் மீனை மறைத்துவிடும்.

ஏரியில் பழகியவர்கள் சொல்லும் அமைப்பை அப்படியே கடலுக்குக் கொண்டுவருவது அடுத்த அபத்தம். உப்புநீர் ஒலியைத் தின்னும். அதிலும் கடல்நீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட்டுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி மேல் தனிப் பசி. அதே ஒலி நன்னீரில் சௌகரியமாகப் போய்வரும். எனவே கருவியில் உப்புநீர்த் தேர்வு இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். கரையோரத்தில் 200, ஆழம் போகப் போக 50. ஐம்பதில் நுணுக்கம் குறையும், ஆனால் எட்டும்.

பிறகு உணர்திறன். திரையில் மணல் தூவியது மாதிரி புள்ளிகள் வரும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் போதும். கீழே தரை கெட்டியான பாராக இருந்தால் இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்று லேசாகத் தெரியும். அது பொய்த் தரைதான், ஆனால் உபயோகமான பொய். சேற்றுத் தரை இரண்டாம் கோட்டைச் சுலபத்தில் தராது. மேல்நீர் இரைச்சலைக் குறைக்கும் அமைப்பை முழுக்க ஏற்றினால் திரை துடைத்துவிட்ட மாதிரி அழகாக இருக்கும், மேலாக மேயும் சாளைக்கூட்டமும் சேர்ந்து துடைபட்டுப் போகும். ஆட்டோவில் இந்தத் துடைப்பு எவ்வளவு நடக்கிறது என்பதே தெரியாது. (டிரான்ஸ்டியூசரில் கொட்டலசு ஒட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, முதலில் சுரண்டுங்கள்.)

"இதெல்லாம் படிக்காத ஆளுக்கு எதுக்கு, பொம்மைதான் சுலபம்" என்கிறார்கள். இந்த வாதம்தான் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கயிற்றைத் தொட்டுச் சொல்கிறவர் என் மாமா. கரையில் தெரியும் கோபுரத்தையும் பின்னால் உள்ள மலையையும் ஒரு கோட்டில் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரின் மேல் படகை நிறுத்துகிறவர். ஈயக்குண்டில் ஒட்டி வரும் மண்ணைப் பார்த்துத் தரையைச் சொன்ன தலைமுறை அவருடையது. அவருக்கு ஒரு வில் வளைவு புரியாதாம்! மெனு முழுக்க ஆங்கிலம், கையேடும் ஆங்கிலம். விளக்கிச் சொல்ல ஆளில்லாத குறையை அவர் தலையில் 'படிக்காதவர்' என்று கட்டுகிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் சும்மா கட்டிக் கிடக்கின்றன. விற்ற கடைக்காரர் அந்த நாட்களில் துறைமுகத்துக்கு ஒரு நடை வந்து, கட்டிக் கிடக்கும் படகில் வைத்தே, டெமோவை அணைத்துவிட்டு, டிரான்ஸ்டியூசரைத் தண்ணீரில் போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? துறைமுகத் தரையில்கூடச் சேறும் கல்லும் வேறுவேறாகத்தான் விழும்.

எங்கள் படகில் பொம்மையை அணைத்து மூன்று மாதம் ஆகிறது. மெனுவின் ஆங்கில வார்த்தைகளுக்கு நேரே தமிழில் எழுதி ஒரு அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். போன வாரம் 22 பாகத்தில் பாரின் ஓரமாக மங்கலாக ஒரு கீறல். மாமா திரையில் விரலை வைத்து, "ஏல மருமவனே, இது ஒன் பொம்மை போடாத மீனுல" என்றார். தூண்டிலை இறக்கினோம். ஏறியது நாலு கிலோ வஞ்சிரம். அடுத்த கீறலில் ஒன்றுமே இல்லை.